இரண்டு நிமிட மௌனத்துக்காக ஒரு லண்டன் பயணம்: நவம்பர் இரண்டாம் ஞாயிறு

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும் முதலில் செய்த வேலை, அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் நாட்காட்டியைப் பார்த்தது. தேநீருக்குத் தண்ணீர் வைக்கக்கூட இல்லை. நவம்பர் மாதப் பக்கம். ஐந்தாம் தேதிக் கட்டத்தில் ஒரு வாணத்தின் படம், இரண்டாம் ஞாயிற்றில் சிறிய சிவப்புப் பொப்பிப் பூ, அதே பூ மறுபடி பதினொன்றில். அதற்கு அடுத்த நாள், புதன்கிழமைக் கட்டத்தில், அச்சடித்தது ஒன்றும் இல்லை. அக்காவின் நீலப் பேனாவில் "அம்மா" என்று மட்டும் இருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் "வதனி பிளைட்". வதனி நான்தான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டு. அம்மா போன வருடம் நவம்பரில் லண்டனில் அக்கா வீட்டில் இறந்தார். திதிப்படி முதலாவது வருடத் திவசம் இந்தப் புதன்கிழமை வந்தது. அதற்கு எப்படியும் வரத்தான் வேண்டும். வருவதென்று ஆனதும், போரில் இறந்தவர்களுக்காக இங்கே நடக்கும், பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் பார்த்துவந்த நினைவு ஞாயிறு நிகழ்ச்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று ஐந்து நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமையே வந்துவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் லண்டனுக்கு வர யோசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசித் திங்களுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கே அரசு விடுமுறை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் நாட்காட்டி நிறைய விசேஷங்கள். நவராத்திரி, தீபாவளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போவது, முப்பத்தோராம் தேதி ஹாலோவீன் பூசணிக்காய், நவம்பர் ஐந்து வாணவேடிக்கை, பிறகு இந்தப் பொப்பிப் பூ. எல்லாம் நடக்கும், எதற்கும் லீவு கிடையாது. நான் ஜேர்மனியில் இருக்கும் மாநிலத்தில் நவம்பர் முதலாம் தேதி விடுமுறை. கடைகள் மூடியிருக்கும், சனம் கல்லறைகளுக்குப் போய்ச் சிவப்பு விளக்கு வைக்கும். லண்டனில் துக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக்கொண்டு திங்கள் வேலைக்குப் போய்விட வேண்டும்.

வெள்ளி மதியம் கொலோனிலிருந்து ஸ்டான்ஸ்டெட்டுக்கு விமானம். போக வர 94 யூரோ, கைப்பை மட்டும். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இப்போது முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும். நான் எடுத்தபோது 16 பவுண்ஸ். அடையாள அட்டையோடு வந்து இறங்கிய காலம் போய்விட்டது. விமான நிலையத்திலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பேருந்து, ஒரு மணி ஐந்து நிமிடம். அங்கிருந்து எலிசபெத் லைன் ரயிலில் அக்கா வீடு இருக்கும் குட்மேய்ஸ் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நாலேகாலுக்கு ரயிலில் ஏறியபோது வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. நவம்பரில் இதுதான் கணக்கு, உங்கள் திட்டத்தை நாலு மணிக்கு முன்னால் முடியுமாறு போட்டுக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவர் அத்தான், அக்காவின் கணவர். குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்.

"நவம்பரில லண்டன் பாக்க வந்த முதல் ஆள் நீர்தான் பிள்ளை," என்றார். "மழையைத்தான் போட்டோ எடுக்கப் போறீர்."

கடையில் பணப்பெட்டிக்கு ஒரு பக்கம், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்தும் காகிதப் பொப்பிப் பூவுக்கான உண்டியல், மறுபக்கம் விற்று முடியாத வாணப் பெட்டிகள். தீபாவளிக்கு இறக்கியதில் மிச்சம் ஐந்தாம் தேதிக்குப் போகும், அதிலும் மிஞ்சியது அந்த வார இறுதியில் போகும் என்று விளக்கினார். உண்டியலில் இரண்டு பவுண்ஸ் போட்டு ஒரு பூ எடுத்துக்கொண்டேன். அதன் ஊசி நிற்காது. சட்டைப்பின் ஒன்று கொண்டுபோங்கள்.

சனிக்கிழமை ஊர்சுற்றவில்லை. மாலை ஐந்தரைக்கே தெருவில் வாணம் தொடங்கிவிட்டது. அக்கா திரைச்சீலைகளை இழுத்து மூடினார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அத்தான் எழும்பி, இந்தச் சனத்துக்குக் கிழமை முழுக்க இதே வேலை என்று புறுபுறுத்தார்.

"சாமானை விக்கிறதும் இவர், சத்தம் எண்டு பேசுறதும் இவர்," என்றார் அக்கா.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அக்கா எனக்கு விஷயத்தைச் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் குகன் அண்ணை, ஒரே ஆண்பிள்ளை. பிறகு அக்கா, பிறகு நான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், சண்டைக் காலத்தில், கடவுச்சீட்டு எடுக்கவென்று அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டார். அவர் வழியில் வவுனியாவில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. தேடாத இடம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா லண்டன் வந்த பிறகும் கவுன்சில், ஆஸ்பத்திரி, பெனிபிட் என்று எந்தப் படிவத்திலும் பிள்ளைகள் எத்தனை என்றால் மூன்று என்றுதான் எழுதுவித்தார். மூன்றாவது ஆள் எங்கே என்று யாராவது கேட்டால், வந்துகொண்டிருக்கிறார் என்பார். அம்மா இருக்கும்வரை வேறு விதமாகப் பேச எங்கள் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அண்ணைக்கு ஒரு விளக்குக்கூட நாங்கள் ஏற்றியதில்லை. ஏற்றினால் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடும்.

போன வருடம் அம்மாவின் கிரியைகளை அத்தான் செய்தார். மகன் இருக்கிறாரா என்று ஐயர் கேட்டபோது, அக்கா யோசிக்காமல், அண்ணை கனடாவில் இருக்கிறார், வர முடியவில்லை என்று சொல்லிவிட்டார். லண்டன் தமிழர் வீடுகளில் யாருக்குத்தான் கனடாவில் ஒருவர் இல்லை? ஐயர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. இந்த வருடம் திவசத்துக்குப் பதிவு செய்ய அழைத்தபோது, இந்த முறையாவது மகன் வருவாரா, மகன் இருக்க மருமகன் செய்வது முறையில்லையே என்று கேட்டிருக்கிறார்.

"இனி என்ன செய்யிறது?" என்றேன்.

"விசா கிடைக்கேல்லை எண்டு சொல்லுவம்."

"கனடாவில இருபது வருசமா இருக்கிற ஆளுக்கு என்ன விசா அக்கா?"

அத்தான் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லுவம் என்று எழும்பிப் போய்விட்டார்.

இனி ஞாயிறு. ஆறே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். குட்மேய்ஸிலிருந்து டொட்டன்ஹாம் கோர்ட் ரோட் வரை நேரடி ரயில், முப்பத்தேழு நிமிடம். வங்கி அட்டையையே தட்டிப் போகலாம். ஞாயிறு முழுவதும் குறைந்த கட்டணம். மூன்றரைப் பவுண்ஸ் அளவில் வந்தது. ஆனால் ஞாயிறுகளில் தண்டவாள வேலை இருக்கும், முதல்நாளே பார்த்துவையுங்கள். அங்கிருந்து ட்ரஃபால்கர் சதுக்கத்துக்கு நடை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பதினைந்து நிமிடம். கழிப்பறைத் தேவைகளை வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால் இடத்தை விட்டு நகர மனம் வராது.

சதுக்கத்திலிருந்து தெற்கே போகும் வைட்ஹால் வீதியில்தான் நிகழ்ச்சி. வீதியின் நடுவே இருக்கும் வெள்ளைக்கல் நினைவுத்தூண் உள்ளே யாரும் இல்லாத கல்லறை. போரில் இறந்து வேறு தேசங்களில் கிடப்பவர்களுக்காகக் கட்டியது. எட்டு மணிக்குப் பொதுமக்களை விடத் தொடங்கினார்கள். விமான நிலையம் மாதிரிப் பைச் சோதனை. நான் எட்டேகாலுக்கு வரிசையில் நின்று, எட்டு ஐம்பதுக்கு நடைபாதைத் தடுப்பின் இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தேன். தூண் அங்கிருந்து இருநூறு மீட்டர் இருக்கும். நேராகத் தெரியாது, பெரிய திரை தெரியும். ஒன்பதரைக்குப் பிறகு வந்தவர்களுக்குத் தொப்பிகள் மட்டும்தான் தெரிந்தன.

இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார இடம் இல்லை. குளிர் ஏழு பாகை. பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருவர், கென்டிலிருந்து தனியாக வந்தவர், தன் குடுவையிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றித் தந்தார். அவர் கோட்டின் வலப்பக்கத்தில் இரண்டு பதக்கங்கள். சொந்தப் பதக்கம் என்றால் இடப்பக்கம், இறந்த உறவினருடையது என்றால் வலப்பக்கம் குத்துவார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அவை அவருடைய மாமாவுடையவை, அம்மாவின் அண்ணன். கடற்படையில் இருந்தவர். கப்பல் திரும்பவில்லை. ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது, இறந்தார் என்று வரவில்லை.

அவருடைய அம்மா, அதாவது அந்தத் தங்கை, அண்ணனின் சைக்கிளுக்குச் சனிக்கிழமை தவறாமல் காற்று அடித்துவைப்பாராம். கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போனபோது சைக்கிளும் கூடப் போனது. சிறுபிள்ளையாக இருந்தபோது அதைத் தொட்டால் அடி விழும் என்றார். ஒரு சனிக்கிழமை பார்த்தால் கொட்டகையில் சைக்கிள் இல்லை. தபால்காரர் அதில் வந்து கடிதம் போட்டுவிட்டுப் போகிறார்.

என்ன நடந்தது, செய்தி ஏதும் வந்ததா என்று கேட்டேன்.

"ஒன்றும் வரவில்லை," என்றார். "அம்மா கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். வீட்டில் யாரிடமும் கேட்கவும் இல்லை. அடுத்த நவம்பர் என்னைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக இங்கே வந்தார். என்றைக்கு இறந்தார் என்று தெரியாது, அதனால் இந்த நாளை எடுத்துக்கொண்டோம்."

நீங்கள் யாருக்காக வந்தீர்கள் என்று அவர் கேட்டார். பார்க்க வந்தேன், நான் பயணங்கள் பற்றி எழுதுகிறவள் என்றேன். பொய் இல்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

பத்தரைக்குப் பிறகு வாத்திய இசை. பத்து ஐம்பத்தெட்டுக்கு என் கோட்டுப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அக்கா. எடுக்கவில்லை. பதினொன்றுக்குப் பெரிய மணி அடிக்கத் தொடங்க, பக்கத்து அணிவகுப்பு மைதானத்தில் பீரங்கி ஒன்று வெடித்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். எனக்குத் தெரிந்திருந்தும் தலையைத் தாழ்த்திக் குனிந்துவிட்டேன். கென்ட் பெண்மணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார்.

இரண்டு நிமிடம் என்பது நீளமான நேரம். ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் வீதியில் ஒரு கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை ஏதோ கேட்டது. என் பைக்குள் கைபேசி மறுபடி அதிர்ந்தது. என்ன நினைப்பது என்று நான் தீர்மானித்து வரவில்லை. அம்மாவை நினைப்பேன் என்றுதான் எண்ணியிருந்தேன். நினைவில் வந்தது அண்ணை வெளிக்கிட்ட காலை. அவர் காற்சட்டையை இஸ்திரி போட்டது நான். ஒரு பக்கத்து மடிப்பு சரியாக விழவில்லை. பரவாயில்லை, பஸ்ஸில் கசங்கத்தானே போகிறது என்றார். அதை இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை, நானும் நினைத்துப் பார்ப்பதில்லை. திரும்பிப் பீரங்கி வெடித்தபோது இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

பிறகு ஊதுகொம்பு, அரச குடும்பத்தவரும் தலைவர்களும் மலர்வளையம் வைப்பது, பிரார்த்தனை. பதினொன்றரைக்குமேல் முன்னாள் வீரர்களின் நீண்ட அணிவகுப்பு. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்குக் கூட்டம் கூடுதலாகக் கைதட்டியது. மதியம் பன்னிரண்டரைக்கு நான் வெளியே வந்து அக்காவை அழைத்தேன். தவறிய அழைப்புகள் மூன்று.

"எங்கை நிக்கிறாய்? எத்தினை தரம் அடிச்சனான். ஐயர் எடுத்தவர்."

புதன் காலை பத்து மணிக்குத் திவசம். யார் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விவரத்தைச் செவ்வாய் மாலை ஆறரைக்குள் ஐயருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். முன்னோரின் பெயர்கள் வேண்டும். மகன் வராவிட்டாலும் அவர் பேரிலேயே சங்கற்பம் செய்யலாம், ஆகையால் மகனின் பெயரும் நட்சத்திரமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இறந்தவர்களுக்குப் பெயர் போதும். நட்சத்திரம் கேட்பது உயிரோடு இருப்பவருக்குத்தான்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பிறகு சொல்லுறன் எண்டு வைச்சிட்டன். பூராடம் எண்டு சொல்லுறதுதானே, அதிலை என்ன? அம்மா இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பா."

"அம்மா இல்லை அக்கா. அதுக்குத்தானே திவசம்."

 அக்காவுக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு ஏலாது வதனி," என்றார். "என்ர வாயால ஏலாது. சாப்பிட்டியோ நீ?"

வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயப் பக்கம் நடந்தேன். பத்து நிமிடம். ஞாயிறன்று உள்ளே சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், வழிபாட்டுக்கு மட்டும்தான். ஆனால் வெளிப் புல்தரையில் அந்த வாரங்களில் சிறிய மரச் சிலுவைகளை ஆயிரக்கணக்கில் வரிசையாக நட்டிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொப்பிப் பூ, கையால் எழுதிய ஒரு பெயர். பார்க்கக் கட்டணம் இல்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிலவற்றில் மழையில் மை கரைந்து பெயர் வாசிக்க முடியாமல் இருந்தது.

திங்கள் மாலை திரும்பவும் போனேன். ஐந்து மணி மாலை வழிபாட்டுக்கு அபே உள்ளே இலவசமாக விடுகிறார்கள். சுற்றுலா நுழைவுச்சீட்டு முப்பது பவுண்ஸுக்கு மேல். முன்னதாக, நாலரைக்கே வரிசையில் நில்லுங்கள். வழிபாடு முடிந்து மேற்கு வாசலால் வரும்போது தரையில் ஒரு கறுப்புக் கல், சுற்றிவரப் பொப்பிப் பூக்கள். முதலாம் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத ஒரு வீரனின் கல்லறை. அந்தத் தரை முழுவதும் அரசர்களின் கல்லறைமேல் நடந்து போகிற சனம், இந்த ஒரு கல்லை மட்டும் சுற்றிப் போகிறது. நானும் சுற்றித்தான் வந்தேன். காவலுக்கு நின்ற பெரியவரிடம், இவர் யாரென்று பிறகும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன். கண்டுபிடிக்கக் கூடாது என்றார். அப்போதுதானே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நிகழ்ச்சி எப்போதும் நவம்பர் இரண்டாம் ஞாயிறு, நுழைவுச்சீட்டு கிடையாது. தண்ணீர் புகாத சப்பாத்து, இரண்டு சோடிக் காலுறை. குடையை விரித்தால் பின்னால் நிற்பவர் முறைப்பார், தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. சாப்பிடக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோன அக்காவின் மீன் ரோல் இரண்டும் பத்து மணிக்கே முடிந்துவிட்டன. வெடிச் சத்தம் தாங்காதவர்கள் ட்ரஃபால்கர் சதுக்கத்துப் பக்கமே நின்றுகொள்ளலாம், அங்கே பீரங்கி சற்றுத் தள்ளிக் கேட்கும். ஞாயிறு முடியாவிட்டால் பதினோராம் தேதி எந்தக் கிழமையாக இருந்தாலும் காலை பதினொன்றுக்கு நாடு முழுவதும் இதே இரண்டு நிமிடம் உண்டு. இன்று பதினொன்று, அத்தானின் கடையில் நின்றேன். பதினொன்றுக்கு அவர் வானொலியை நிறுத்தினார். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையில் பையோடு அப்படியே நின்றார். அத்தான் தராசைப் பார்த்தபடி நின்றார். முடிந்ததும் அத்தான் வெங்காயத்தைத் திரும்ப நிறுத்தார்.

தொலைக்காட்சியில் இத்தனை வருடம் பார்த்தபோது இதை ஒரு அரசாங்கச் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பகுதி அதுதான். ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களில் பாதிப்பேர் தங்கள் ஆள் இறந்த தேதி தெரியாதவர்கள். நாட்காட்டியில் ஒரு கட்டம் வேண்டுமென்று வந்து நிற்கிறார்கள்.

இதை எழுதும்போது செவ்வாய் மாலை ஐந்து நாற்பது. அக்கா கீழே நாளைய படையலுக்குக் காய்கறி வெட்டுகிறார். ஐயரின் இலக்கத்தை நாட்காட்டியிலிருந்து குறித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறேன். அத்தானிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அழுது, பிறகு பூராடம் என்று சொல்லத்தான் வைப்பார்.

ஆறு மணிக்கு நானே அழைக்கப் போகிறேன். அம்மாவுக்கு முன்னமே போய்விட்ட அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொல்லிவிட்டு, குகனேசன் என்று அண்ணையின் முழுப் பெயரையும் அந்த வரிசையிலேயே சொல்வேன். நட்சத்திரம் கேட்டால், தேவையில்லை ஐயா என்பேன்.